ஒரு பின்னுக்கு முப்பது எல்ஈடி: எந்த ட்ரைவர் பொருந்தும்?

கோயில் வாசலில் நிற்கும் மின் அலங்கார வளைவு ஒன்றை எடுத்துக்கொள்வோம். எட்டு வரிசைகள், வரிசைக்கு முப்பது வெள்ளை எல்ஈடி, மொத்தம் 240. ஒவ்வொரு வரிசையும் தனியே எரிந்து அணைய வேண்டும். சில வேளை மெல்ல மங்கி ஏறவும் வேண்டும். மூளை ஒரு ஆர்டுயினோ ஊனோ அல்லது ஈஎஸ்பி 32, அதாவது நிரல் எழுதி ஓட்டும் சிறு மைக்ரோகன்ட்ரோலர் போர்ட். திருகோணமலையில் திருவிழா வேலையாக இருந்தாலும், பாடசாலைக் கண்காட்சியாக இருந்தாலும், தீபாவளிக்குக் கடை முகப்பாக இருந்தாலும் கேள்வி ஏறத்தாழ இந்த அளவிலேயே வந்து நிற்கும்: மைக்ரோகன்ட்ரோலரின் பின்னுக்கும் (வெளியீட்டுக் காலுக்கும்) எல்ஈடிக்கும் நடுவில் ட்ரைவராக, அதாவது எல்ஈடிகளை எரித்து அணைக்கும் சுவிட்சாக, எதைப் போடுவது?

வரிசைக்கு ஒரு சாதாரண ட்ரான்சிஸ்டர் போடலாம். எட்டு ட்ரான்சிஸ்டர் ஒன்றாக அடங்கிய யூஎல்என் 2803 போடலாம். வோல்ட்டாலேயே திறக்கும் ட்ரான்சிஸ்டர் வகையான மொஸ்ஃபெட் போடலாம். இவை எல்லாவற்றையும் விட்டுவிட்டு, ஒவ்வொரு எல்ஈடிக்குள்ளும் சிப் உள்ள பட்டிக்கும் போகலாம். பலர் எல்ஈடியின் எண்ணிக்கையைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். உண்மையில் முடிவைத் தருபவை வேறு இரண்டு எண்கள். ஒன்று, ஒரு சேனலில், அதாவது ஒரு வரிசையை இயக்கும் ட்ரைவர் வழியில், எத்தனை மில்லிஅம்பியர் ஓடுகிறது. இரண்டாவது, எல்ஈடியும் ட்ரைவரும் எடுத்துக்கொண்ட பிறகு தடையிக்கு எத்தனை வோல்ட் மிஞ்சுகிறது. இரண்டாவதைக் கணக்கெடுக்காமல் வாங்கிய சாமான்தான் பிறகு பெட்டிக்குள் சூடேறுவதும், வரிசைகள் ஒன்றுக்கொன்று மங்கித் தெரிவதும்.

பின்னில் நேரடியாகக் கொடுப்பது பற்றி

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம். ஊனோவில் இருக்கும் ஏட்மெகா 328பி சிப்பின் ஒரு பின் தாங்கும் உச்ச எல்லை 40 மில்லிஅம்பியர். நிம்மதியாக ஓட 20 போதும் என்று வைத்துக்கொள்ள வேண்டும். சிப் முழுவதற்கும் 200 மில்லிஅம்பியர் எல்லை இருக்கிறது. ஒரு பின்னில் ஒரு எல்ஈடி, 150 ஓம் தடையியுடன் நன்றாக எரியும். முப்பது எல்ஈடி அங்கே எரியாது. 12 வோல்ட் சரத்தின் வயரை நேரே பின்னில் குத்தினால் பின் கருகும், பல வேளை முழுச் சிப்பும் போகும். ஆகவே நடுவில் ஏதோ ஒரு சுவிட்ச் தேவை என்பதில் விவாதமில்லை.

சரத்தின் கணக்கு

வெள்ளை எல்ஈடி ஒன்று 15 மில்லிஅம்பியரில் ஏறத்தாழ 3.1 வோல்ட் எடுக்கும். சிவப்பு 2 வோல்ட் அளவில் நிற்கும். 12 வோல்ட்டில் மூன்று வெள்ளையைத் தொடராக இணைத்தால் 9.3 வோல்ட் போகும், மீதி 2.7. முப்பது எல்ஈடி என்றால் மூன்று மூன்றாகப் பத்துச் சரங்கள். சரத்துக்கு 15 மில்லிஅம்பியர் வீதம் வரிசைக்கு 150, எட்டு வரிசையும் எரிந்தால் 1.2 அம்பியர்.

ஒவ்வொரு சரத்துக்கும் தனித் தடையி வேண்டும். பத்துச் சரத்தையும் இணையாகக் கட்டி ஒரே தடையியைப் போடுவது இங்கே மிகப் பரவலாக நடக்கிறது, மிகத் தவறும் அதுதான். எல்ஈடிகளின் வோல்ட் ஒன்றுக்கொன்று சிறிது வேறுபடும். குறைந்த வோல்ட் உள்ள சரம் கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கும், சூடாகும், சூடானதும் அதன் வோல்ட் இன்னும் குறைந்து மேலும் இழுக்கும். முதலில் அது போகும். அதன் பங்கு மற்ற ஒன்பதுக்கும் பிரிய, அடுத்து பலவீனமானது போகும். தடையி ஒன்றின் விலையைப் பார்த்து இதில் மிச்சம் பிடிக்க எதுவுமே இல்லை.

வாங்கிய எல்ஈடியின் வோல்ட்டை நீங்களே அளந்து பார்ப்பது நல்லது. பையிலிருந்து ஐந்தை எடுத்துத் தொடராக இணைத்து, 15 மில்லிஅம்பியர் விட்டு மல்டிமீட்டரில் அளந்து ஐந்தால் வகுத்தால் போதும். 2.9 வரும் பையும் உண்டு, 3.4 வரும் பையும் உண்டு. மூன்று வெள்ளைக்கு அந்த வித்தியாசம் ஒன்றரை வோல்ட். மீதியே 2.7 வோல்ட்டாக இருக்கும் சுற்றில் ஒன்றரை வோல்ட் மிகப் பெரியது.

பிசி 337: மலிவு, ஆனால் கை வேலை கூடுதல்

வரிசைக்கு ஒரு என்பிஎன் ட்ரான்சிஸ்டர். அதன் மூன்று கால்களில் பேஸ் கட்டுப்படுத்தும், கலெக்டர், எமிட்டர் வழியாக எல்ஈடியின் மின்னோட்டம் ஓடும். எமிட்டர் தரைக்கு (சப்ளையின் எதிர்முனைக்கு), சரங்களின் எதிர்முனை கலெக்டருக்கு, பின்னிலிருந்து ஒரு தடையி வழியாக பேஸுக்கு. பிசி 547 எந்த ரேடியோ திருத்தும் கடையிலும் கிடைக்கும், ஆனால் அதன் எல்லை 100 மில்லிஅம்பியர். நமது 150க்கு அது போதாது. பிசி 337 அதே கால் வரிசையில் 800 மில்லிஅம்பியர் வரை தாங்கும். ஆகவே இரண்டில் ஒன்றை வாங்கி வைப்பதானால் 337தான்.

பேஸ் தடையியைக் கணக்கிடும்போது விவரத்தாளில் உள்ள 100, 250, 400 என்ற பெருக்க எண்ணை நம்பக் கூடாது. அது ட்ரான்சிஸ்டர் பெருக்கியாக வேலை செய்யும் நிலைக்கு உரியது. சுவிட்சாக முழுதாகத் திறக்க வேண்டுமென்றால் கலெக்டர் மின்னோட்டத்தின் இருபதில் ஒரு பங்கையாவது பேஸில் கொடுக்க வேண்டும். 150ஐ 20ஆல் வகுத்தால் 7.5 மில்லிஅம்பியர். 5 வோல்ட் பின்னிலிருந்து பேஸின் 0.8ஐக் கழித்தால் 4.2 வோல்ட், அதற்கு 560 ஓம் சரி. ஈஎஸ்பி 32இன் 3.3 வோல்ட்டுக்கு 330 ஓம். இங்கே பழக்கத்துக்கு 10 கிலோஓம் போட்டால் ட்ரான்சிஸ்டர் பாதி திறந்த நிலையில் நிற்கும். எல்ஈடி மங்கலாக எரியும், ட்ரான்சிஸ்டர் கைவைக்க முடியாதபடி சுடும். இந்த இரண்டு அறிகுறியும் சேர்ந்து தெரிந்தால் முதலில் பேஸ் தடையியைப் பாருங்கள்.

சரியாகத் திறந்த பிசி 337இன் கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே 0.2 வோல்ட் அளவுதான் நிற்கும். தடையிக்கு 2.5 வோல்ட் மிஞ்சும், 180 ஓம் போட்டால் சரத்துக்கு 14 மில்லிஅம்பியர். மின்சார ரீதியில் இது நல்ல விடைதான். குறை வேறு இடத்தில் இருக்கிறது. எட்டுப் பின்களும் சேர்ந்து 60 மில்லிஅம்பியரைச் சிப்பிலிருந்து இழுக்கின்றன. டொட் போர்டில் எட்டு ட்ரான்சிஸ்டரும் எட்டு பேஸ் தடையியும் கையால் சோல்டர் செய்ய வேண்டும். சேனலின் மின்னோட்டம் 300 மில்லிஅம்பியரைத் தாண்டினால் பேஸுக்கே 15 மில்லிஅம்பியர் கேட்கும். அதற்கு மேல் இந்த வழியை நீட்டக் கூடாது.

கால் வரிசை விஷயத்தில் கவனம். தட்டை முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கப் பிடித்தால் பிசி 337, பிசி 547 இரண்டும் இடமிருந்து வலமாக கலெக்டர், பேஸ், எமிட்டர். எஸ் 8050 எமிட்டர், பேஸ், கலெக்டர். பழைய ரேடியோக்களிலிருந்து கழற்றும் சி 1815 எமிட்டர், கலெக்டர், பேஸ். பிளாஸ்டிக் உடல் கொண்ட 2222இல் இரண்டு வகை சந்தையில் ஓடுகிறது: பிஎன் 2222 ஒரு வரிசை, பி2என் 2222 அதற்கு நேர் தலைகீழ். கலெக்டரும் எமிட்டரும் மாறினாலும் ட்ரான்சிஸ்டர் ஓரளவு வேலை செய்யும் என்பதுதான் இதில் உள்ள தொல்லை. பிழை மறைந்து கிடக்கும், பிரகாசம் மட்டும் குறையும். மல்டிமீட்டரின் டயோட் நிலையில் பேஸை உறுதி செய்துவிட்டுச் சோல்டர் செய்யுங்கள்.

இன்னொரு பிழை: எல்ஈடியை எமிட்டர் பக்கம் கட்டுவது. அப்படிக் கட்டினால் எமிட்டரில் பின்னின் வோல்ட்டைவிட 0.7 குறைவாகத்தான் கிடைக்கும். 12 வோல்ட் சரத்துக்கு 4.3 வோல்ட் வந்தால் எதுவும் எரியாது.

யூஎல்என் 2803: எட்டு வரிசைக்கென்றே செய்தது போன்ற சிப்

பதினெட்டுக் கால், எட்டு உள்ளீடு ஒரு பக்கம், எட்டு வெளியீடு நேர் எதிர்ப்பக்கம். 9ஆம் கால் தரை. பேஸ் தடையி உள்ளேயே 2.7 கிலோஓமாக இருக்கிறது, ஆகவே பின்னிலிருந்து வயரை நேரே கொடுத்தால் போதும். 5 வோல்ட் பின் ஒன்றிலிருந்து 1.3 மில்லிஅம்பியர் அளவுதான் இழுக்கும், எட்டும் சேர்ந்து 11க்குள். 3.3 வோல்ட்டிலும் நமது மின்னோட்டத்துக்கு நன்றாகவே திறக்கும். மைக்ரோகன்ட்ரோலர் தொடங்கும் நேரத்தில் பின்கள் மிதந்தாலும் உள்ளே இருக்கும் தடையிகள் அதை மூடியே வைத்திருக்கும். ஏழு சேனல் போதுமென்றால் பதினாறு கால் யூஎல்என் 2003 இருக்கிறது.

இவ்வளவு வசதிக்கும் விலை ஒன்று உண்டு, அதைத்தான் பலர் கணக்கெடுப்பதில்லை. ஒவ்வொரு சேனலும் இரண்டு ட்ரான்சிஸ்டர்களை அடுக்கிய டார்லிங்டன் இணைப்பு. அது முழுதாகத் திறந்தாலும் 150 மில்லிஅம்பியரில் 1 வோல்ட் அளவு எடுத்துக்கொள்ளும். 12 வோல்ட் சரத்தில் 2.7ஆக இருந்த மீதி 1.7ஆகச் சுருங்குகிறது. தடையி 120 ஓமாக இறங்குகிறது. இனி எந்தச் சிறு மாற்றமும் நேரே பிரகாசத்தில் தெரியும். எல்ஈடிப் பை மாறி சரத்துக்கு 0.3 வோல்ட் கூடினால் மின்னோட்டம் ஐந்தில் ஒரு பங்கு குறையும்.

வயரைச் சேர்த்துப் பாருங்கள். பவர் சப்ளை மண்டபத்துக்குள், பெட்டியும் வளைவும் வாசலில், இடையே 10 மீட்டர். 0.5 சதுர மில்லிமீட்டர் செப்பு வயர் என்றால் போக வர 20 மீட்டருக்கு 0.69 ஓம். 1.2 அம்பியர் ஓடும்போது 0.83 வோல்ட் வயரிலேயே போய்விடும். 1.7 இருந்த இடத்தில் 0.87 நிற்கும், மின்னோட்டம் ஏறத்தாழ பாதி. மின்னோட்டம் குறையும்போது எல்ஈடியின் வோல்ட்டும் சிறிது குறைவதால் உண்மையான இழப்பு இதைவிடக் கொஞ்சம் குறைவு, ஆனாலும் கண்ணுக்குத் தெரியும். இன்னும் மோசமானது, ஒரு வரிசை மட்டும் எரியும்போது வயரில் இழப்பு 0.1 வோல்ட்தான். ஆகவே ஓடும் ஒளியில் ஒற்றை வரிசை பளிச்சென்று இருக்கும், எட்டும் சேர்ந்து எரியும் கணத்தில் முழு வளைவும் சோர்ந்துவிடும். இதை நிரல் பிழை என்று எண்ணி மணிக்கணக்கில் நிரலைப் புரட்டுபவர்கள் உண்டு.

அடுத்தது வெப்பம். எட்டுச் சேனலிலும் 150 மில்லிஅம்பியர், ஒவ்வொன்றிலும் 1 வோல்ட் என்றால் சிப்புக்குள் 1.2 வாட். இந்தப் பொதி வாட்டுக்கு 60 டிகிரி அளவில் சூடேறும், அதாவது சுற்றுப்புறத்துக்கு மேல் 70 டிகிரி. வைகாசி ஆனி வெயிலில் நமது மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் 50 டிகிரி சாதாரணம். சிப்பின் உள்ளே 120ஐத் தொடும். உடனே சாகாது, ஆனால் பத்து நாள் திருவிழாவில் இரவு முழுக்க அப்படி ஓட்டக் கூடாது. விளம்பரத்தில் எழுதும் 500 மில்லிஅம்பியர் ஒற்றைச் சேனலுக்கு உரியது. எட்டும் தொடர்ந்து எரிவதானால் சேனலுக்கு 100 என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. ஒரே நேரத்தில் இரண்டு மூன்று வரிசை மட்டுமே எரியும் ஓட்டம் என்றால் 150 பிரச்சினையில்லை. இரண்டு சிப் வாங்கி, உள்ளீடுகளை இரண்டிரண்டாகவும் வெளியீடுகளை இரண்டிரண்டாகவும் இணைத்துச் சுமையைப் பகிர்வதும் ஒரு வழி. ஒரே சிப்புக்குள் உள்ள சேனல்களைத்தான் அப்படிச் சேர்க்க வேண்டும்.

10ஆம் காலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அது உள்ளே எட்டு டயோட்களின் பொது முனை, மோட்டர், ரிலே போன்ற சுருள் சுமைகளுக்கானது. எல்ஈடிக்கு அதை வெறுமனே விட்டுவிடலாம். 'கொம்' (COM, பொது) என்ற பெயரைப் பார்த்துத் தரை என்று எண்ணித் தரையில் கட்டினால் எட்டு வரிசையும் நிரந்தரமாக எரியும், நிரல் எதையும் கேட்காது. 5 வோல்ட்டில் கட்டினால் அணைந்த வரிசைகளிலிருந்து 12 வோல்ட் அந்த டயோட் வழியாக 5 வோல்ட் பக்கம் கசியும்: சிவப்புச் சரங்கள் அணைந்தும் மெல்லத் தெரியும்.

24 வோல்ட்: ட்ரான்சிஸ்டரை மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியது

மேலே சொன்ன குறைகள் எல்லாம் 12 வோல்ட்டிலிருந்து வருபவை. பவர் சப்ளையை 24 வோல்ட் ஆக்குங்கள். ஆறு வெள்ளை தொடராக 18.6 வோல்ட், யூஎல்என் 0.9, மீதி 4.5. சரத்துக்கு 330 ஓம், மின்னோட்டம் 13.6 மில்லிஅம்பியர். முப்பது எல்ஈடிக்கு ஐந்தே சரம், ஆகவே சேனலுக்கு 70 மில்லிஅம்பியர்தான். எட்டும் எரிந்தாலும் சிப்புக்குள் அரை வாட். அதே மெல்லிய வயரில் இழப்பு 0.4 வோல்ட், மீதியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எல்ஈடி ஒன்று 3.4 வோல்ட்டாக இருந்தாலும் இன்னும் இரண்டரை வோல்ட்டுக்கு மேல் கையில் இருக்கும். தடையிகளின் எண்ணிக்கையும் 80இலிருந்து 40ஆகக் குறையும்.

யூஎல்என் 50 வோல்ட் தாங்கும், பிசி 337 45 வோல்ட் தாங்கும், ஆகவே இரண்டுக்கும் 24 வோல்ட் தொந்தரவில்லை. கவனிக்க வேண்டியவை இரண்டு. ஆர்டுயினோவின் வட்டச் செருகியில் 24 வோல்ட்டைக் கொடுக்கவே கூடாது, அதன் ரெகுலேட்டர் எரியும். வோல்ட்டைக் குறைத்துத் தரும் எல்எம் 2596 பக் மொடியூல் ஒன்றை 5 வோல்ட்டுக்குத் திருப்பி வைத்து, அளந்து பார்த்த பிறகு 5 வோல்ட் பின்னில் கொடுங்கள். இரண்டாவது, ஒரு எல்ஈடி அறுந்தால் ஆறு அணையும். வளைவில் அது ஒரு துண்டாகத் தெரியாமலிருக்க, சரத்தின் ஆறையும் பக்கம் பக்கமாக வைக்காமல் வரிசை முழுக்கப் பரப்பிக் கட்டலாம். வயர் கொஞ்சம் கூடும்.

தனி எல்ஈடிகளைக் கொண்டு நீங்களே சரம் கட்டுவதானால், எட்டு வரிசை வேலைக்கு 24 வோல்ட்டும் யூஎல்என் 2803ம் சேர்ந்ததே நாங்கள் முதலில் சொல்லும் விடை. சாமான் குறைவு, சோல்டர் குறைவு, சிப் பழுதானால் சொக்கட்டில் இருந்து பிடுங்கிப் புதியதைக் குத்திவிடலாம். சிப்பை நேரடியாகச் சோல்டர் செய்யாமல் பதினெட்டுக் கால் சொக்கட்டில் வைப்பதை மறக்க வேண்டாம். திருவிழா நடுவே பழுதானால் அதன் அருமை தெரியும்.

12 வோல்ட்டை விட முடியாத நிலைமையில் தோஷிபாவின் டிபிடி 62083 கிடைக்கிறதா என்று பாருங்கள். யூஎல்என் 2803இன் இடத்தில் அப்படியே பொருந்தும், கால் வரிசை ஒன்றே. உள்ளே டார்லிங்டனுக்குப் பதில் மொஸ்ஃபெட், ஆகவே 150 மில்லிஅம்பியரில் இழப்பு கால் வோல்ட் அளவுக்கு இறங்கிவிடும்.

மொஸ்ஃபெட் எப்போது?

கடையில் ஆயத்தமாக வரும் 12 வோல்ட் பட்டிகளை வெட்டி ஒட்டுவதானால் கதை மாறுகிறது. மீட்டருக்கு 60 எல்ஈடி கொண்ட 5050 வகைப் பட்டி மீட்டருக்கு 14.4 வாட். ஐந்து மீட்டர்ச் சுருள் 72 வாட், 6 அம்பியர். வண்ணப் பட்டி என்றால் நிறத்துக்கு 2 அம்பியர். இங்கே பிசி 337க்கும் யூஎல்என்னுக்கும் இடமில்லை. சேனல் அரை அம்பியரைத் தாண்டும் எந்த வேலைக்கும் மொஸ்ஃபெட்தான்.

ஆனால் எந்த மொஸ்ஃபெட்? ஐஆர்எல்இசட் 44என்னின் கேட்டில் (பேஸ் போன்ற கட்டுப்பாட்டுக் கால்) 5 வோல்ட் கொடுத்தாலே அதன் திறந்த நிலைத் தடை 25 மில்லிஓமுக்கு இறங்கும். 2 அம்பியரில் 0.1 வாட், ஹீட்சிங்க் தேவையே இல்லை. ஐஆர்எஃப் 520, 540 போன்றவை கேட்டில் 10 வோல்ட் கொடுத்தால்தான் எழுதிய அளவுக்குத் திறக்கும். அவை திறக்கத் தொடங்குவதே 2 முதல் 4 வோல்ட்டுக்குள். 5 வோல்ட்டில் சிறு சுமையை ஓட்டிக் காட்டும், பட்டியைப் போட்டதும் சூடேறும், 3.3 வோல்ட்டில் சில திறக்கவே மாட்டா. ஐஆர்எஃப் 520 பொருத்திய சிறு மொடியூல் ஆர்டுயினோவுக்கென்றே விற்கப்படுவதால் நிறையப் பேர் வாங்குகிறார்கள். பெயரில் எஃப் இருக்கும் இடத்தில் எல் இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது எளிய வழி. ஈஎஸ்பி 32க்கு ஏஓ 3400 மிகப் பொருத்தம்: 2.5 வோல்ட் கேட்டிலேயே 50 மில்லிஓமுக்குள் இறங்கும், 30 வோல்ட் வரை தாங்கும். அரிசி மணி அளவுப் பொதி என்பதால் நுனி மெல்லிய சோல்டர் அயனும் பொறுமையும் வேண்டும்.

டிஐபி 120ஐ எல்ஈடிக்குப் பயன்படுத்தும் பழைய வரைபடங்கள் நிறையச் சுற்றுகின்றன. அதுவும் டார்லிங்டன்தான். 3 அம்பியரில் 2 வோல்ட் வரை தின்னும், அதாவது 6 வாட் வெப்பம், 12 வோல்ட் பட்டிக்கு 10 வோல்ட்தான் போகும். இன்றைக்கு அதை வாங்க ஒரு காரணமும் இல்லை.

மொஸ்ஃபெட்டின் கேட்டுக்கும் பின்னுக்கும் இடையே 100 முதல் 220 ஓம், கேட்டிலிருந்து தரைக்கு 10 கிலோஓம். இரண்டாவதைத் தவிர்த்தால் மின்சாரம் வந்து நிரல் தொடங்கும் வரை கேட் மிதக்கும், பட்டி தானாக மின்னும், சில வேளை பாதி திறந்து சுடும். ஐஆர்எல்இசட் 44என்னில் போலிகள் உண்டு. கார் பிரேக் பல்ப் ஒன்று, 21 வாட், நல்ல சோதனைச் சுமை. கேட்டில் 5 வோல்ட் கொடுத்து பல்பை 12 வோல்ட்டில் எரிய விட்டு, மற்ற இரண்டு கால்களான ட்ரெயினுக்கும் சோர்ஸுக்கும் இடையே அளந்தால் 0.05 வோல்ட் அளவில் நிற்க வேண்டும். அரை வோல்ட் காட்டினால் திருப்பிக் கொடுங்கள்.

வாங்குமிடம் பற்றியும் ஒரு வார்த்தை. பிசி 547, சி 1815 நகரத்துத் திருத்தும் கடைகளில் கிடைப்பவை. எல் எழுத்து மொஸ்ஃபெட், ஏஓ 3400, தோஷிபா சிப் போன்றவற்றுக்கு இணையக் கடை அல்லது கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெருவைத்தான் நம்ப வேண்டும். பார்சல் வரும் நாளையும் சேர்த்து, கொடியேற்றத்துக்கு இரண்டு கிழமை முன்பே பட்டியலைக் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொன்றிலும் ஓரிரண்டு மேலதிகமாக.

பின்கள் போதாமல் போனால்

வரிசை பதினாறு, முப்பத்திரண்டு என்று ஏறினால் 74எச்சி595 ஷிஃப்ட் ரெஜிஸ்டர் (ஒரே வயரில் தொடராக வரும் தரவைப் பல வெளியீடுகளாகப் பிரிக்கும் சிப்) மூன்று பின்களிலேயே எத்தனை சேனலையும் தரும். ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு யூஎல்என் 2803. டிபிஐசி 6பி595 இரண்டையும் ஒரே சிப்பில் தருகிறது, சேனலுக்கு 150 மில்லிஅம்பியர். ஆனால் அது 4.25 வோல்ட்டுக்கு மேலான சைகையைக் கேட்கும், ஆகவே ஊனோவுக்குச் சரி, ஈஎஸ்பி 32க்கு நேரடியாகச் சரிவராது. இரண்டிலும் மின்சாரம் வந்தவுடன் வெளியீடுகள் தாறுமாறாக நிற்கும். வெளியீட்டை அனுமதிக்கும் காலை 10 கிலோஓமால் 5 வோல்ட்டுக்கு இழுத்து வைத்து, நிரல் பூச்சியங்களை அனுப்பிய பிறகு தரைக்கு இறக்குங்கள். ஒவ்வொரு சிப்பின் மின்கால்களுக்கும் அருகே 0.1 மைக்ரோபரட் கொள்ளளவி கட்டாயம்.

மங்கி ஏற வேண்டுமென்றால் ஊனோவில் அந்த வசதி 3, 5, 6, 9, 10, 11 ஆகிய ஆறு பின்களில்தான். எட்டு வரிசைக்கு ஈஎஸ்பி 32 எளிது: 18, 19, 21, 22, 23, 25, 26, 27 ஆகியவற்றை எடுங்கள். 34 முதல் 39 வரை உள்ளீடு மட்டுமே. 12ஆம் பின் தொடக்கத்தில் உயர்ந்து நின்றால் போர்ட் எழும்பவே எழும்பாது. 0, 2, 15 ஆகியவற்றையும் தொடாமல் விடுவது நல்லது.

சிப் உள்ள பட்டி

டபிள்யூஎஸ் 2812பி போன்ற பட்டியில் ஒவ்வொரு புள்ளிக்கும் தனி நிறம், ஒரே ஒரு தரவு வயர், ட்ரான்சிஸ்டரே வேண்டாம். எழுத்து ஓட வேண்டும், வேல் ஒன்று நிறம் மாறி ஒளிர வேண்டும் என்றால் வேறு வழி தேட வேண்டாம், இதுவே. ஆனால் 240 புள்ளியும் முழு வெள்ளையில் எரிந்தால், ஒன்றுக்கு 60 மில்லிஅம்பியர் வீதம், 5 வோல்ட்டில் 14.4 அம்பியர். அந்த மின்னோட்டத்தைப் பட்டியின் மெல்லிய செப்பு தாங்காது. இரண்டு முனையிலும் நடுவிலும் தனி வயர் கொடுக்க வேண்டும். ஈஎஸ்பி 32இன் 3.3 வோல்ட் சைகை பட்டி கேட்கும் 3.5க்குக் கீழே நிற்பதால் சில பட்டிகளில் நிறங்கள் துள்ளும். சைகையை 5 வோல்ட்டுக்கு உயர்த்தும் 74எச்சிடி125 சிப் ஒன்றை நடுவில் போட்டால் சரியாகும். தரவு வயரில் 330 ஓம், மின்சார நுழைவில் 1000 மைக்ரோபரட்.

கடற்காற்றுப் படும் இடத்துக்கு இதைத் தயங்கித்தான் பரிந்துரைக்க முடியும். ஒரு சிப்புக்குள் ஈரம் போய்ச் செத்தால் அதற்குப் பின்னால் உள்ள எல்லாம் நின்றுவிடும். யூஎல்என் வளைவில் ஒரு சரம் போனால் ஒரு சரம்தான் போகும். புள்ளிக்குப் புள்ளி நிறம் தேவைப்படாத வேலைக்கு அந்த ஆபத்தை ஏன் ஏற்க வேண்டும்? தேவைப்பட்டால் மாற்றுத் தரவு வழி உள்ள 12 வோல்ட் டபிள்யூஎஸ் 2815ஐத் தேடுங்கள்.

உப்புக் காற்றும் மழையும்

மூன்று பக்கமும் கடல் உள்ள கோணேசர் மலையில் கட்டினாலும், உப்புவெளி, நிலாவெளிக் கரையோரத்தில் கட்டினாலும், ட்ரைவரை விட முதலில் பழுதாவது இணைப்புகள். சோல்டர் முடிந்ததும் போர்டில் மிஞ்சும் ஃப்ளக்ஸை ஐசோபுரொபைல் அல்ககோலால் துடைத்து, காய்ந்த பிறகு போர்டுக்கென்று உள்ள வார்னிஷை இரண்டு பூச்சாகத் தெளியுங்கள். சொக்கட்டின் வாயையும் திருகு முனைகளையும் அதற்கு முன் டேப்பால் மூட வேண்டும். சிலிக்கன் பூசுவதானால் வினாகிரி மணம் வீசும் வகை வேண்டாம். அந்த அமிலம் செப்பைப் பச்சையாக அரிக்கும், மணமற்ற நடுநிலை வகையைக் கேட்டு வாங்குங்கள். வயர்கள் பெட்டியின் அடிப்பக்கத்தால் நுழையட்டும், நுழையுமுன் ஒரு வளைவு தொங்கட்டும். ஐப்பசி தொட்டு மார்கழி தாண்டியும் பெய்யும் வாடைக் காற்று மழையில் மேல் துளை வைத்த பெட்டி நிரம்பிவிடும்.

230 வோல்ட் பவர் சப்ளை மண்டபத்துக்குள்ளேயே இருக்கட்டும், 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிட்ச் வழியாக, எர்த் இணைப்புடன். வெளியே போவது 24 வோல்ட் மட்டும், அதன் நேர் வயரில் 1 அம்பியர் ஃபியூஸ். ஆர்டுயினோவின் தரையும் 24 வோல்ட்டின் தரையும் ஒன்றாக இணைந்திருக்க வேண்டும். வரிசைகள் எரியவில்லை, அல்லது கை பட்டால் மினுங்குகின்றன என்றால் பெரும்பாலும் இந்த ஒரு வயர்தான் விடுபட்டிருக்கும்.

மேலே ஏற்றுமுன் பெட்டியை மூடி, எட்டு வரிசையையும் முழுப் பிரகாசத்தில் எரிய விட்டு, மதிய வெயிலில் ஒரு மணி நேரம் வையுங்கள். பிறகு திறந்து யூஎல்என்னின் முதுகை விரலால் ஒரு கணமாவது தொட முடிய வேண்டும். அடுத்து, நீள வயரோடு சேர்த்து எல்லாம் எரியும் நிலையில் ஒரு சரத்தின் 330 ஓம் தடையியின் இரு முனைக்கும் இடையே அளவெடுங்கள். 4 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் சரத்தில் 12 மில்லிஅம்பியருக்கு மேல் ஓடுகிறது, கட்டிவிடலாம். அதற்குக் கீழே என்றால் பவர் சப்ளை வயரை 1 சதுர மில்லிமீட்டருக்கு மாற்றி மறுபடி அளந்து பாருங்கள். அப்போதும் ஏறவில்லையென்றால் அந்தப் பை எல்ஈடியின் வோல்ட் உயர்ந்தது, தடையியை 270 ஓமாக இறக்குங்கள்.